ராத்திரித் தறியும் குடைகிற கால்களும்

எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு தறிக்குடோன் இருக்கிறது. பன்னிரண்டு தறி. ராத்திரி ஷிப்ட் ஓடுகிற நாட்களில் படுக்கையறைச் சுவரில் கை வைத்தால் அதிர்வது தெரியும். சோமனூர் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், இந்தச் சத்தத்தில் எப்படித்தான் தூங்குகிறார்களோ என்று அழுகையே வந்தது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அப்புறம் ஏழு வருடம் அது என் காதில் விழுந்ததே இல்லை. போன வருடம் சித்திரையில், இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது, மறுபடியும் கேட்க ஆரம்பித்தது. ராத்திரி ஒன்றரை மணிக்கு எங்கள் வீதியில் விழித்திருந்தது அந்தத் தறிகளும் நானும்தான்.

கால் குடைச்சல். எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள், சிலர் உளைச்சல் என்பார்கள். வலி என்று சொல்ல முடியாது. வலி என்றால் இன்ன இடம் என்று கை வைத்துக் காட்டிவிடலாமே. இது முழங்காலுக்குக் கீழே, தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் எங்கேயோ எறும்பு ஊர்கிற மாதிரி, உள்ளே சோடா நுரைக்கிற மாதிரி இருக்கும். கூடவே, காலை அசைத்தே தீர வேண்டும் என்று ஒரு தவிப்பு. அசைத்தால் அந்த நொடியே நிற்கும். அப்பாடா என்று காலை நீட்டினால், பத்து எண்ணுவதற்குள் திரும்பவும் வரும். நீட்டுவேன், மடக்குவேன், பாதத்தைச் சுவரில் தேய்ப்பேன், ஒரு காலால் இன்னொரு காலை அழுத்துவேன். கடைசியில் எழுந்து நடந்துவிடுவேன்.

எங்கள் ஹாலில் பழைய காவித் தரை. சாமி படத்தில் இருந்து முன்வாசல் வரை பதினோரு அடி. குளிர்ந்த தரையில் வெறும் காலோடு போய்ப் போய்த் திரும்பினால் கொஞ்சம் அடங்கும். சில ராத்திரிகளில் மூன்றரை வரை நடந்திருக்கிறேன். 27ஆவது வாரத்து வயிற்றைச் சுமந்துகொண்டு, தூக்கம் கண்ணைச் சுழற்ற, உட்காரவும் முடியாமல் நடப்பது என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் ஒன்பதேகாலுக்கு பஸ் பிடிக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் வேலை. நகைக்கடன் லெட்ஜரில் ஒரே தொகையை இரண்டு பேர் பெயரில் ஏற்றிவிட்டு, சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது கண்டுபிடித்தேன். எட்டு வருட சர்வீஸில் அப்படி ஆனதில்லை. அன்றைக்குத்தான், இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

முதலில் சொன்னது செக்கப்புக்குப் போய்க்கொண்டிருந்த இடத்தில். "மாசமா இருக்கறப்ப எல்லாருக்கும் வர்றதுதான். கால்சியம் போடுங்க" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கும் நேரமில்லை. கால்சியம் ஏற்கனவே போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அத்தை வேறு வழி வைத்திருந்தார். ஒரு ராத்திரி நான் நடப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "ஏங்கண்ணு, கால் குடையுதா?" என்று கேட்டார். நான் அதுவரை அவரிடம் சொல்லவே இல்லை. பீரோவைத் திறந்து காடாத் துணியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டையைக் கிழித்தார். என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, கெண்டைக்காலில் சதை திரளும் இடத்துக்குச் சற்றுக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். எனக்கு எங்கே குடைகிறதோ, சரியாக அங்கேயே. எப்படித் தெரிந்தது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கு ஒரு மணி நேரம் தூங்கினேன்.

இதற்கு நடுவில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். 28ஆவது வாரத்தில் சளி பிடித்தது. தும்மல் நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் மெடிக்கலுக்குப் போய், வீட்டில் மாசமாக இருக்கிறாள் என்று சொல்லி ஒரு மாத்திரை வாங்கி வந்தார். போட்டால் நல்லாத் தூக்கமும் வரும் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். எனக்கு அதுதான் ஆசையாக இருந்தது. போட்டேன். அந்த ராத்திரியை மறக்கவே முடியாது. கண் சொருகுகிறது, கால் மட்டும் தனியாக உயிர் வந்த மாதிரி துடிக்கிறது. தொடை வரை ஏறிவிட்டது. நடக்க எழுந்தால் தலை சுற்றுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். விடிகிற வரைக்கும் அப்படித்தான்.

அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்ணான பிக்மி நம்பர் பதிந்த நாளில் இருந்து கிராம நர்சம்மா கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார். அங்கே இருந்த டாக்டரம்மா, நான் "டாக்டர், காலு..." என்று ஆரம்பித்ததுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்டார். காலை அசைக்கணும்னு இருக்கா? சும்மா உட்கார்ந்தா, படுத்தா கூடுதா? நடந்தா குறையுதா? பகல்ல இருக்கா, இல்ல சாயங்காலத்துக்கு மேலதானா? நாலுக்கும் நான் தலையாட்டினேன். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும், உட்கார முடியாமல் எழுந்து நின்றுகொண்டு வருவதைச் சொன்னேன். ஒரு கர்ப்பிணி நிற்பதைப் பார்த்து நாலு பேர் எழுந்து இடம் கொடுப்பார்கள், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கூசுவேன்.

ஐந்தாவதாக, அது வேறு எதுவும் இல்லை என்று அவரே பார்த்தார். ஆடுசதை கல் மாதிரி இறுகி முடிச்சு விழுகிறதா என்று கேட்டார். அது குரக்களி, இழுத்துப் பிடிக்கும், நீவிவிட்டால் போகும், இது அது இல்லை. இரண்டு கெண்டைக்காலையும் டேப் வைத்து அளந்தார். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகச் சிவந்து வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அப்படி இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் வர வேண்டும் என்றார். உள்ளங்கை, உள்ளங்காலில் ராத்திரியில் அரிப்பு வருகிறதா என்றும் கேட்டார். கடைசி மாதங்களில் தோலில் ஒன்றுமே தெரியாமல் அப்படி அரித்தால் ஈரலைச் சோதிக்க வேண்டுமாம். கால் வீக்கத்தோடு தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் உடனே பிரஷர் பார்க்க வேண்டும். இதையெல்லாம் இங்கே எழுதுவதற்குக் காரணம், கால் சமாச்சாரம் எதுவானாலும் நாம் எல்லாவற்றையும் குடைச்சல் என்றே சொல்லிவிடுகிறோம்.

துணி கட்டியிருந்த தழும்பையும் பார்த்தார். கோபப்படவில்லை. "அமுக்கினா சுகமாத்தான் இருக்கும், ஆனா மாசமா இருக்கறப்ப ரத்த ஓட்டத்தை இறுக்கிக் கட்டக் கூடாதும்மா. கையாலயே அமுக்கிவிடச் சொல்லு" என்றார்.

பெயரும் அவர்தான் சொன்னார். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம், சும்மா இருக்க முடியாத கால்கள் என்று அர்த்தம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில், தாமஸ் வில்லிஸ் என்ற இங்கிலாந்து மருத்துவர் 1672லேயே இதை லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. படுக்கையில் கைகால் துள்ளித் தவிப்பவர்கள் கொடிய சித்திரவதைக் கூடத்தில் கிடப்பவர்களைப் போலத் தூங்க முடியாமல் இருப்பார்கள் என்கிற பொருளில் ஒரு வரி. அதைப் படித்தபோது கண்ணீர் வந்துவிட்டது. முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் இதை நம்பியிருக்கிறார். 1945ல் சுவீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்போம் இதைப் பற்றி விரிவாக எழுதிய பிறகுதான் இந்தப் பெயர் நிலைத்தது. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வருகிறது, கடைசி மூன்று மாதங்களில் உச்சத்துக்குப் போகிறது, பெரும்பாலோருக்குப் பிரசவத்துக்குப் பின் தானாக அடங்குகிறது. எல்லாருக்கும் வர்றதுதான் என்று முதலில் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் வருவதால் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று ஆகிவிடாதே.

டாக்டரம்மா செய்தது ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பின் அளவைப் பார்க்கச் சொன்னது. என் ஹீமோகுளோபின் 11.1. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை, நானும்தான். வெளி லேபில் 650 ரூபாய் கொடுத்துப் பார்த்ததில் ஃபெரிட்டின் 9 என்று வந்தது. சங்கத்தில் வேலை பார்க்கிற எனக்கு இது உடனே புரிந்தது. ஹீமோகுளோபின் என்பது கவுண்டரில் புழங்கும் பணம். ஃபெரிட்டின் என்பது பெட்டகத்தில் இருப்பு. கவுண்டரில் கொடுக்கல் வாங்கல் சரியாக நடக்கிறது என்பதற்காகப் பெட்டகத்தில் இருப்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை. என் பெட்டகம் காலியாகக் கிடந்திருக்கிறது.

கர்ப்ப காலத்தில் நம் ரத்தத்தின் அளவே கூடுகிறது, குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் வேறு இரும்பு போக வேண்டும். மூளையில் டோபமைன் என்ற பொருளைத் தயாரிக்கவும் இரும்பு தேவை. உடம்பின் அசைவை ஒழுங்கில் வைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. அங்கே இரும்பு குறையும்போது இந்தத் தவிப்பு வருகிறது என்பதுதான் இன்றைக்கு மருத்துவர்கள் தரும் முக்கியமான விளக்கம். சாதாரண ரத்தசோகைக்குப் பார்க்கிற அளவு இதற்குப் போதாது. கர்ப்பிணிகளின் கால் குடைச்சலுக்கென்றே 2015ல் சர்வதேச நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஃபெரிட்டின் 75க்குக் கீழே இருந்தால் இரும்பு மாத்திரை கொடுக்கலாம் என்று இருக்கிறது. மாத்திரையில் சரியாகாமல் 30க்கும் கீழே இருந்தால், முதல் மூன்று மாதம் கழிந்தவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். எவ்வளவு, எப்படி என்பது டாக்டர் முடிவு. இரும்பு போதுமான அளவு இருந்தும் குடைச்சல் வருகிறவர்களும் உண்டு, குடும்ப வழியாக வருவதும் உண்டு.

"உங்கம்மாவுக்கு இருந்துச்சா?" என்று அதனால்தான் கேட்டார். உடுமலைக்கு போன் போட்டேன். அம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லை.

நான் நாலாம் மாதத்தில் இருந்தே அரசு கொடுக்கிற சிவப்பு மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தேன். 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் ஆசிடும் இருப்பது. அப்புறம் ஏன் 9? டாக்டரம்மா எப்போது போடுகிறாய் என்று கேட்டார். சாயங்காலம் ஆபீசில் இருந்து வந்ததும், டீயோடு. கூடவே கால்சியத்தையும் சேர்த்து, மறந்துவிடக் கூடாதே என்று. அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், கால்சியமும் அதை உள்ளே விடாது. மூன்று மாதத்துக்கு மேல் ஒழுங்காக விழுங்கிய மாத்திரையில் பெரும்பகுதி வந்த வழியே போயிருக்கிறது. மாத்திரைப் பட்டையில் இதை அச்சடிக்கலாம். கொடுக்கும்போது ஒரு வாக்கியம் சொல்லலாம். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதில் எத்தனை பேர் என்னை மாதிரி டீயோடு விழுங்குகிறார்களோ என்று எனக்கு இன்னமும் மனசு அடித்துக்கொள்கிறது.

மாத்திரை மாறியது, நேரமும் மாறியது. காலை பதினோரு மணிக்கு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு பெரிய நெல்லிக்காயோடு இரும்பு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் கால்சியம். டீ காலையில் எழுந்ததும் ஒன்று, அவ்வளவுதான். மத்தியானத்துக்கு மேல் டீ, காபி இல்லை. காஃபின் தூக்கத்தையும் கெடுக்கும், குடைச்சலையும் கிளப்பிவிடும். அந்தச் சளி மாத்திரையின் அட்டையையும் எடுத்துப் போயிருந்தேன். தூக்கம் வரவைக்கும் வகைச் சளி, அலர்ஜி மாத்திரைகள் பலவும் இந்தக் குடைச்சலைக் கூட்டுமாம். வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோபிரமைட் மாதிரி சில மருந்துகளும் அப்படித்தான். அதற்காக, ஏற்கனவே டாக்டர் எழுதிக் கொடுத்ததை நாமாக நிறுத்தவும் கூடாது. கால் இப்படி இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கிறவரிடம் சொல்லிவிட வேண்டும். குறிப்பாக மனநலத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள்.

இரும்பு ஒரே நாளில் ஏறாது. முதல் இரண்டு வாரம் வித்தியாசமே தெரியவில்லை. அதுவரைக்கும் ராத்திரிகளை எப்படியாவது கடக்க வேண்டுமே.

வீட்டுக்காரர் சாயங்காலம் பைக்கை எடுத்து என்னைச் சாமளாபுரம் குளத்துக் கரையில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். மூத்தவளும் வருவாள். இருபது நிமிடம் கரையில் மெதுவாக நடப்போம். முதலில் ஆசைப்பட்டு ஒரு நாள் முக்கால் மணி நேரம் நடந்துவிட்டேன், அன்றைக்குக் குடைச்சல் அதிகமானது. உடம்பு களைத்துப் போகிற அளவுக்கு நடந்தால் ஆகாது என்று புரிந்தது. படுப்பதற்கு முன் ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து முழங்கால் வரை பத்து நிமிடம். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாய்ந்து முப்பது எண்ணுவது. மாற்றி மாற்றி மூன்று தடவை. பின்னங்கால் நரம்பெல்லாம் இழுபடும்போது ஒரு நிம்மதி இருக்கும். அப்புறம் அவர் தேங்காய் எண்ணெய் தொட்டுக் காலை நீவிவிடுவார். மெதுவாகத் தடவினால் எனக்குக் குடைச்சல் கூடிவிடும், உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து விட வேண்டும். அவருக்கு அது கைவர ஒரு வாரம் ஆனது. பல நாள் பாதியிலேயே என் கால்மாட்டில் தலை சாய்த்துத் தூங்கிப்போவார், பகலெல்லாம் லோடு ஏற்றி இறக்கிவிட்டு வருகிற மனுஷன்.

இவ்வளவும் செய்தால் பத்தரைக்கு வர வேண்டிய குடைச்சல் பன்னிரண்டரைக்கு வரும். இரண்டு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். அது அப்போது எனக்குப் பெரிய சொத்து.

அதற்கு மேல் எனக்குக் கைகொடுத்தது மிதி மிஷின். அத்தையின் கல்யாணச் சீராக வந்த பழைய தையல் மிஷின் ஹால் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. ஒரு ராத்திரி நடந்து நடந்து இடுப்பு விட்டுப்போய், உட்கார இடம் தேடி அதன் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கால் தானாகப் பெடலில் போய் நின்றது. சும்மா மிதித்தேன். பாதம் முன்னும் பின்னும் போகிறது, கெண்டைக்கால் இழுபடுகிறது, தளர்கிறது, உட்கார்ந்தபடியே நடக்கிற மாதிரி இருக்கிறது. குடைச்சல் அடங்கியது. வெளியே தறிச் சத்தத்தில் மிஷின் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. மறுநாள் நூல் கோத்தேன்.

குழந்தை பிறக்கும் முன்னால் அதற்குத் துணி தைக்கக் கூடாது என்பது அத்தையின் கண்டிப்பு. அதனால் தலையணை தைத்தேன். ஐந்தரை அடி நீளத்துக்குக் காடாத் துணியில் ஒரு நீளப் பை, அதற்குள் இலவம் பஞ்சு. 28 வாரத்துக்கு மேல் மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுக்கச் சொல்கிறார்கள். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு அணைப்பு இருந்தால் இடுப்பும் தாங்கும், மேல் கால் கீழ்க்காலை அமுக்காது. கடையில் விற்கிறதின் விலையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்திருந்தேன். என்னுடையது ஒன்பது ராத்திரியில் முடிந்தது. கண்ணும் கையும் தையல் நேராகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது கால் ஞாபகமே வராது. மனசு ஒன்றில் ஊன்றிவிட்டால் குடைச்சல் குறையும் என்பதும் இதன் இயல்புதானாம். போன் பார்த்தால் மட்டும் அப்படி ஆகாது, எனக்கு அது தூக்கத்தைத்தான் துரத்தியது.

ஒரு விஷயத்தை நான் பிந்தித்தான் கவனித்தேன். விடிகாலை நாலரைக்கு மேல் கால் தங்கமாக இருக்கும். இது நடு ராத்திரியில் உச்சத்துக்குப் போய், காலையில் அடங்கிக் கிடக்கிற நோய். அப்படியானால் என் தூக்கம் காலையில்தான் இருக்கிறது. அதை நான்தான் ஐந்தரை மணி அலாரம் வைத்துக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். மகப்பேறு விடுப்பை 34ஆவது வாரத்திலேயே எடுத்தேன். குழந்தை பிறந்த பிறகு நாள் குறையுமே என்று அம்மா சொன்னாள், ஆனால் எனக்கு அப்போது வேண்டியிருந்தது அந்தக் காலைகள். தனியார் நிறுவனங்களில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்பு, அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுக்கலாம்.

விடுப்பு கிடைத்துவிட்டது. ஆனால் எங்கள் வீதியில் ஒரு மருமகள் காலை எட்டரை வரை தூங்குவது சின்ன விஷயமில்லை. முதல் நாள் நானே பயந்து ஆறரைக்கு எழுந்துவிட்டேன். இரண்டாம் நாள் தூங்கிப்போனேன். திண்ணையில் பேச்சுக் குரல் கேட்டு அரைத் தூக்கத்தில் விழித்தேன். பக்கத்து வீட்டு ஆத்தா, "பொழுது இவ்வளவு ஏறியும் இன்னும் எந்திரிக்கலையா? மாசமா இருக்கறவ இப்படித் தூங்கினா நீர் கோத்துக்கும்" என்கிறார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அத்தை என்ன சொல்லப் போகிறாரோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

"அவ ராத்திரியெல்லாம் தூங்கறதில்லைங்க. இப்பத்தான் கண்ணசந்திருக்கறா. மெதுவாப் பேசுங்க" என்றார் அத்தை. அப்புறம் மூத்தவளிடம், "கண்ணு, அந்தக் கதவச் சாத்திட்டு வா" என்று சொல்வது கேட்டது.

அன்று மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதுதான் கேட்டேன், துணி எங்கே கட்ட வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. அத்தை உடனே பதில் சொல்லவில்லை. முருங்கைக் காம்புகளை ஒதுக்கிக்கொண்டே இருந்தார்.

"இவன் வயித்துல இருக்கறப்ப எனக்கும் இதேதான் கண்ணு. படுக்க முடியாது. அப்ப நம்ம வீட்டுலயே நாலு தறி இருந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுத் தறிக்குப் போயிருவேன். நாலு தறிக்கும் நடந்துட்டே இருந்தா கால் சும்மா இருக்கும். உங்க மாமா பாவு பிடிக்க ஆளில்லைன்னு வருத்தப்படறதுக்கு முன்னாடி நான் நின்னுட்டிருப்பேன். ஊரே சொல்லும், ஏழு மாசத்துலயும் என்னமா பாடுபடறா பாருன்னு. தூங்க முடியலைன்னு யாருகிட்டயும் சொன்னதில்லை. சொன்னா என்ன பண்ணப் போறாங்க?"

நான் அவரைக் கல்யாணமான நாளில் இருந்து கடும் உழைப்பாளி என்று கேட்டுக் கேட்டே மரியாதை வைத்திருக்கிறேன். உறவுக்காரர்கள் எல்லோரும் இன்றைக்கும் சொல்கிற கதை அது, ராத்திரி ரெண்டு மணிக்குத் தறி ஓட்டின பொண்ணு. அன்றைக்குக் கீரையை வைத்துக்கொண்டு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அட, காம்ப ஆயி" என்று சொல்லிவிட்டார்.

32ஆவது வாரத்தின் முடிவிலேயே ஒரு தணிவு தெரிய ஆரம்பித்திருந்தது. 35ல் வாரத்தில் மூன்று நாளாவது தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கினேன். முழுக்க நிற்கவில்லை. கடைசி வாரம் வரை பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும். ஆனால் ஹாலில் பதினோரு அடியை மூன்றரை வரை அளக்கிற ராத்திரிகள் முடிந்துவிட்டன. அந்த வாரம் மறுபடி பார்த்தபோது ஃபெரிட்டின் 27.

ஆடியில் பையன் பிறந்தான். மூன்றாம் நாள் ராத்திரி ஆஸ்பத்திரியில் அவன் அழுகைச் சத்தம் கேட்டு விழித்தேன். மணி இரண்டேகால். அவனை எடுத்து மார்பில் போட்ட பிறகுதான், என்னை ஒருவர் எழுப்ப வேண்டியிருந்தது என்பது உறைத்தது. நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். கட்டிலில் நீட்டிக் கிடந்த காலைப் பார்த்தேன். அசையாமல், கட்டை மாதிரி, சும்மா கிடந்தது. வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கு முதல் குடைச்சல் இல்லை. சிவப்பு மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் போடச் சொல்லியிருக்கிறார்கள், நெல்லிக்காயோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பிரசவத்தில் வந்தவர்களுக்கு அடுத்ததிலும் வர வாய்ப்பு அதிகம், வயதான பின் நிரந்தரமாக வருவதும் மற்றவர்களைவிடக் கூடுதல் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதனால் வருடம் ஒரு முறை இருப்பைப் பார்த்துக்கொள்வதாக இருக்கிறேன்.

அந்தக் கடைசி விஷயத்தை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தை, "அதுதான் எனக்கு இன்னும் போகவே இல்லை" என்றார், சாதாரணமாக. 61 வயது. ராத்திரி அவர் எழுந்து எழுந்து கொல்லைப்பக்கம் போவதை நாங்கள் எல்லோரும் சர்க்கரை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நேற்றுக் காலை அவரையும் அதே லேபுக்குக் கூட்டிப்போனேன். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரிசல்ட் இன்றைக்கு சாயங்காலம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும் வழியில் வாங்கிக்கொண்டு வருவார்.